ஆண்டர்ஸ் ஸோர்னின் எட்சிங் கோடுகளை ஏஐ பட மாடலுக்குக் கற்றுக்கொடுப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எட்சிங் ஸ்டைல்" என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் லோராக்களில் (பட மாடலுக்குப் புதுப் பாணியைக் கற்றுத்தரும் சின்னத் துணை ஃபைல்கள்) பலவற்றுக்கு ஒரே குணம். உருவத்தைச் சுற்றி ஒரு வெளிக்கோடு, உள்ளே சாம்பல் தேய்ப்பு, மேலே பழைய காகிதத்தின் மஞ்சள். தூரத்திலிருந்து எட்சிங் மாதிரித் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே கோடே இருக்காது. எட்சிங் என்பது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை ஏற்றிக் காகிதத்தில் அச்சிடும் கலை. கோட்டைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை என்பதால் இது சின்னக் குறை இல்லை.

இந்தக் கட்டுரையில் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்னின் எட்சிங்குகளை வைத்து எஸ்டிஎக்ஸ்எல் என்ற பட மாடலுக்கு ஒரு லோரா பயிற்றுவிப்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கணினியில் மென்பொருள் நிறுவத் தெரிந்தால் போதும், நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. என் கவனமெல்லாம் ஒரே விஷயத்தில்தான் இருக்கும்: கோடு தன் உண்மையான அளவில் மாடலின் கண்ணுக்குப் படவேண்டும். செட்டிங்குகளில் முன்னே பின்னே இருந்தால் சமாளிக்கலாம். இதில் கோட்டைவிட்டால் எந்த செட்டிங்கும் கைகொடுக்காது.

ஏன் ஸோர்ன்?

ஸோர்ன் 1860-இல் ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் உள்ள மூரா என்ற ஊரில் பிறந்தார், 1920-இல் இறந்தார். எட்சிங்கை 1882-இல் லண்டனில், ஆக்செல் ஹெய்க் என்ற இன்னொரு ஸ்வீடன்காரரிடம் கற்றுக்கொண்டார். வாழ்நாளில் ஏறக்குறைய 290 எட்சிங்குகள் செய்திருக்கிறார். ரெம்பிராண்டின் எட்சிங்குகளைத் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தவர் அவர்.

அவருடைய பாணி மாடலுக்கு நல்ல பாடம், கஷ்டமான பாடமும்கூட. 1892-இல் செய்த, பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனானின் உருவப்படத்தை எடுத்துப் பாருங்கள். கனத்த உடலோடு நாற்காலியில் புதைந்து உட்கார்ந்திருக்கும் கிழவர். அந்த உடலுக்கு வெளிக்கோடு என்று தனியாக எதுவும் இல்லை. நீளநீளமாக, சாய்வாக, இணையாக ஓடும் கோட்டுக் கற்றைகள் அவருடைய மேலங்கியின் மேலும் பின்னணியின் மேலும் ஒரே வீச்சில் கடந்து போகின்றன. கற்றை அடர்ந்த இடம் நிழல், விலகிய இடம் வெளிச்சம். முகம் அந்தக் கோடுகளுக்கு நடுவிலிருந்து தானாகக் கூடி வருகிறது. பட மாடல்களுக்கோ இதற்கு நேர் எதிரான பழக்கம். கோட்டோவியம் என்று கேட்டால் முதலில் எல்லையை வரைந்துவிட்டு உள்ளே நிரப்பும். நம் பயிற்சி அந்தப் பழக்கத்தை உடைக்கவேண்டும்.

உரிமைப் பிரச்சினை இல்லை. அவர் இறந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஸ்வீடனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ஓவியர் இறந்தபின் 70 ஆண்டு என்ற காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வாழும் கலைஞர் ஒருவரின் பாணியை அவர் சம்மதம் கேட்காமல் எடுத்துப் பயிற்றுவிக்காதீர்கள். சட்டம் என்ன சொன்னாலும் அது ஒருவருடைய பிழைப்பில் கைவைப்பது.

படங்களைச் சேர்ப்பது

கூகுள் தேடலில் வரும் சின்னப் படங்களைத் தொடவேண்டாம். சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம், வாஷிங்டனின் நேஷனல் கேலரி மூன்றும் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. மூன்றிலும் ஸோர்ன் எட்சிங்குகள் உண்டு. சிகாகோவில் நிறையவே உண்டு. சார்ல்ஸ் டியரிங் என்ற சிகாகோ தொழிலதிபர் ஸோர்னுக்கு நண்பர், அவர் படைப்புகளைச் சேகரித்தவர். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமைக் குறிப்பைப் பார்த்துவிட்டு, கிடைப்பதில் மிகப் பெரிய அளவை இறக்குங்கள். அகலம் 2500 பிக்சலுக்குக் குறைந்தால் ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

நாற்பது எட்சிங் போதும். ஆனால் அந்த நாற்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

முதல் ஆபத்து தாடி. ஸோர்ன் வரைந்த பிரபலங்களில் சிற்பி ரோடான் (1906), கவிஞர் வெர்லேன் (1895) என்று தாடிக்காரர்கள் அதிகம். கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டால், மாடல் எந்த ஆணை வரையச் சொன்னாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாடியோடுதான் வரையும். ரோசிடா மௌரி (1889), மேடம் சிமோன் (1891), தன் தாயை வரைந்த மூனா (1911) போன்ற பெண் முகங்களையும் சமமாகச் சேருங்கள்.

இரண்டாவது, குளிக்கும் பெண்கள். கடைசி இருபது ஆண்டுகளில் அவர் நீர்க்கரையில் நிர்வாணப் பெண்களை நிறைய எட்சிங் செய்திருக்கிறார். நீரும் பாறையும் வெயிலும் அற்புதமாக வந்திருக்கும், விட மனசு வராது. ஆனாலும் நாற்பதில் ஐந்துக்கு மேல் வேண்டாம். மீறினால் வெறுமனே "ஒரு பெண்" என்று கேட்டாலே உடையில்லாமல் வரும். வெளிப்புற ஒளி வேண்டுமென்றால் இந்த ஐந்திலிருந்தே நெருக்கமான துண்டுகளாகத் தண்ணீரையும் பாறையையும் வெட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, இரட்டைகள். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் அச்சாகியிருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அருங்காட்சியகத்தில் இருக்கும். ரெனானை மூன்று இடத்திலிருந்து இறக்கிவிட்டால் மாடலுக்கு ரெனான் மூன்று மடங்கு முக்கியமாகிவிடுவார். ஒரு தகட்டுக்கு ஒரு பிரதி, அதில் மை தெளிவாக ஏறியது எதுவோ அது.

பலர் ஒன்றாக இருக்கும் படங்களும் வேண்டும். பாரிஸ் பயணிகளைக் காட்டும் ஆம்னிபஸ் (1892), நடனக் கூடத்து வால்ட்ஸ் (1891) இரண்டையும் விடாதீர்கள். இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்த ஒற்றை ஆளைத் தவிர வேறெதுவும் வராது.

வெட்டுவது: வேலையின் முக்கால்வாசி இங்கேதான்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள எட்சிங் ஒன்று. அதில் அடர்ந்த நிழல் பகுதியில் மில்லிமீட்டருக்கு மூன்று கோடு என்று வைத்துக்கொள்வோம். முழுப் படத்தையும் 1024 பிக்சலுக்குச் சுருக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குக் கிடைப்பது ஐந்து பிக்சல். மூன்று கோடு, மூன்று இடைவெளி, ஆக ஆறு பட்டைகளை ஐந்து பிக்சலில் அடைக்கமுடியாது. எல்லாம் கலந்து சாம்பலாகிவிடும். மாடல் அந்தச் சாம்பலைப் பார்த்து, ஸோர்ன் என்றால் சாம்பல் என்று கற்றுக்கொள்ளும். அதன்மேல் எந்தத் தப்பும் இல்லை, நாம் காட்டியது அதைத்தான்.

சரி, அதே படம் 3000 பிக்சல் அகலத்தில் கையில் இருக்கிறது. சுருக்காமல் அதிலிருந்து 1024-க்கு 1024 ஒரு சதுரம் வெட்டினால், தகட்டில் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் அதற்குள் வரும். ஒரு முகமும் தோளும், அல்லது ஒரு கையும் நாற்காலியின் கைப்பிடியும். மில்லிமீட்டருக்குப் பதினைந்து பிக்சல். ஒவ்வொரு கோடும் தனியாக நிற்கும், அமிலம் அரித்த ஓரத்தின் சொரசொரப்புகூடத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு எட்சிங்கையும் மூன்று தூரத்திலிருந்து காட்டவேண்டும். முழுப் படம் சுருக்கியது ஒன்று, பாதிப் படம் கொஞ்சம் சுருக்கியது ஒன்று, சுருக்காமல் வெட்டிய நெருக்கத் துண்டு ஒன்றோ இரண்டோ. நாற்பது முழுப் படம், நாற்பது பாதி, அறுபது துண்டு என்ற கணக்கு எனக்குச் சரியாக வந்திருக்கிறது. துண்டுகளை முகத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். துணி மடிப்பு, சுவரின் இருட்டு, ஏறக்குறைய வெறும் காகிதமாக விடப்பட்ட வெளிச்சம் எல்லாம் வேண்டும். கோடு போடாமல் விட்ட இடமும் ஸோர்னின் கையெழுத்துதான்.

வெட்டும்போதே இன்னும் இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். படத்துக்கு வெளியே காகித ஓரத்தில் அவர் பென்சிலால் போட்ட கையொப்பம் இருக்கும், அதையும் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடத்தையும் வெட்டி எறியுங்கள். விட்டால் உங்கள் மாடல் ஒவ்வொரு படத்தின் அடியிலும் கையொப்பம் மாதிரி ஒரு கிறுக்கலைப் போடும். அப்புறம், எல்லாவற்றையும் கிரேஸ்கேலுக்கு மாற்றுங்கள். ஒரு அருங்காட்சியகத்தின் படம் கிரீம் நிறத்தில் இருக்கும், இன்னொன்றுடையது நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். அது காகிதத்தின் வயதும் கேமராவும் சேர்ந்து தந்த நிறம். காண்ட்ராஸ்டைக் கூட்டி வெறும் கறுப்பு வெள்ளையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். ஆழமாக அரித்த கோடு கன கறுப்பாகவும் லேசாக அரித்தது மெல்லிய சாம்பலாகவும் அச்சாகும். அந்த ஏற்ற இறக்கம் போனால் பேனா ஓவியம்தான் மிஞ்சும்.

பயிற்சிக்கு முன் ஒரு சோதனை

புதியவர்களுக்கான குறிப்புகளில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

எஸ்டிஎக்ஸ்எல் போன்ற மாடல் உங்கள் படத்தை நேராகப் பார்ப்பதில்லை. விஏஇ என்ற பகுதி முதலில் அதைச் சுருக்குகிறது. எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒவ்வொரு கட்டமும் நான்கே எண்களாக மாறும். மாடல் கற்பதும் வரைவதும் அந்த எண்களில்தான். முடிவில் விஏஇ அவற்றை மறுபடி படமாக விரிக்கும். இந்தப் போக்குவரத்தில் ஒரு கோடு தொலைந்தால் அதை எந்தப் பயிற்சியாலும் மீட்கமுடியாது.

அதனால் காம்ஃபியுஐ என்ற பட மாடல் மென்பொருளைத் திறந்து மூன்றே மூன்று பெட்டிகளை இணையுங்கள்: படத்தை ஏற்றுவது, விஏஇ என்கோட், விஏஇ டிகோட். முடிவைச் சேமித்து மூலத்தோடு பக்கத்தில் வைத்து 200 சதவீதம் பெரிதாக்குங்கள். முழுப் படத்தில் அடர்ந்த நிழல் குழைந்திருப்பதையும், நெருக்கத் துண்டில் கோடுகள் பிழைத்திருப்பதையும் நேரடியாகப் பார்ப்பீர்கள். துண்டிலும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் உங்கள் மூலப் படம் போதாது. அதை நீக்கிவிட்டு வேறு தேடுங்கள்.

ஃப்ளக்ஸ் என்ற இன்னொரு பட மாடலின் விஏஇ நான்குக்குப் பதில் பதினாறு எண் வைத்துக்கொள்வதால் நுணுக்கத்தை இன்னும் நன்றாகக் காப்பாற்றும். ஆனால் அதைப் பயிற்றுவிக்கக் கனமான ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) வேண்டும், ஃப்ளக்ஸ் டெவ் பதிப்பின் லைசென்ஸிலும் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. முதல் லோராவுக்கு எஸ்டிஎக்ஸ்எல் போதும் என்பது என் கருத்து.

கேப்ஷன்

ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதற்குள் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. மாடலுக்காக அதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். முதலில் ஒரு டிரிகர் சொல், அதாவது பாணியைக் கூப்பிடும் சொல்.

டிரிகராக "ஸோர்ன்" என்று போடாதீர்கள். அடிப்படை மாடலுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெரியும், ஆனால் தைல வண்ண ஓவியராகத் தெரியும். கறுப்பு, வெள்ளை, காவி, சிவப்பு என்ற நான்கே வண்ணங்களோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் அது. அந்தப் பெயரைச் சொன்னதும் மாடல் தூரிகையைத் தூக்கும், நம் எட்சிங் பயிற்சி அதோடு மல்லுக்கட்டவேண்டியிருக்கும். எங்கும் பொருள் இல்லாத, நீங்களே உண்டாக்கிய எழுத்துக்கோவை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்ஷனில் ஒரு விதியைப் புரிந்துகொண்டால் போதும். நீங்கள் சொல்வது பாணியிலிருந்து பிரிந்து நிற்கும், சொல்லாமல் விடுவது டிரிகருக்குள் போய்ச் சேரும். தாடியைச் சொல்லுங்கள், நாற்காலியைச் சொல்லுங்கள், பழைய மேலங்கியைச் சொல்லுங்கள். சாய்வான கோடு, வெளிக்கோடு இல்லாமை, கறுப்பு வெள்ளை பற்றி வாய் திறக்காதீர்கள், அவைதான் டிரிகருக்குள் போகவேண்டியவை. ரெனானுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: டிரிகர், மேலங்கி அணிந்த பருத்த முதியவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், பின்னால் புத்தகங்களும் மேசையும், முழுக் காட்சி. அதே படத்தின் துண்டுக்கு: டிரிகர், முதியவர் ஒருவரின் கை, துணி மடிப்பு, மிக நெருக்கமான காட்சி.

அந்தக் கடைசிச் சொற்கள் முக்கியம். முழுக் காட்சி, பாதி, மிக நெருக்கம் என்று தூரத்தை ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி எழுதினால், மாடல் கோட்டின் தடிமனைத் தூரத்தோடு சேர்த்துக் கற்கும். எழுதாவிட்டால் முழு உருவத்தில் கயிறு தடிமனுக்குக் கோடு போட்டுவைக்கும். ஃப்ளாரன்ஸ்-2 மாதிரித் தானாகக் கேப்ஷன் எழுதும் கருவியை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அவை "கறுப்பு வெள்ளைப் பென்சில் ஓவியம்" என்பதுபோல ஏதாவது சேர்த்துவிடும், உட்கார்ந்து கையால் நீக்குங்கள்.

பயிற்சி

லோரா என்பது முழு மாடலையும் மாற்றாமல், அதன் சில அடுக்குகளோடு சின்னச் சின்ன எண் அணிகளைச் சேர்த்து அவற்றை மட்டும் பயிற்றுவிக்கும் முறை. முடிவில் கிடைப்பது சில நூறு எம்பிக்குள் அடங்கும் ஒரு ஃபைல். பயிற்சிக்கான மென்பொருள்களில் கோஹ்யா, ஒன்டிரெயினர் இரண்டில் எதுவும் சரி. 12 ஜிபி மெமரி உள்ள கார்டு இருந்தால், மெமரியை மிச்சப்படுத்தும் கிரேடியன்ட் செக்பாயின்டிங்கை ஆன் செய்து வீட்டிலேயே ஓட்டலாம். இல்லையென்றால் இணையம் வழியாகக் கார்டு தரும் கூகுள் கோலாப். அங்கே இலவசமாகக் கிடைக்கும் டி4 கார்டில் பிஎஃப்16 என்ற எண் வடிவம் வேலை செய்யாது, எஃப்பி16-தான். அப்போது எஸ்டிஎக்ஸ்எல்-இன் சாதாரண விஏஇ கறுப்புப் படத்தைத் துப்பும். எஃப்பி16-க்காகச் சரிசெய்த விஏஇ தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிங்குகள்: ரேங்க் 32, ஆல்ஃபா 16, லேர்னிங் ரேட் 0.0001, ஆப்டிமைசர் ஆடம்டபிள்யூ 8பிட், ரெசல்யூஷன் 1024, பேட்ச் 2 (ஒரு ஸ்டெப்புக்கு இரண்டு படம்). சொற்களைப் படிக்கும் பகுதியான டெக்ஸ்ட் என்கோடரைப் பயிற்றுவிக்கவேண்டாம். முழுப் படங்களுக்கு ரிப்பீட் 2, மற்றவற்றுக்கு 1. கோஹ்யாவில் ஃபோல்டர் பெயருக்கு முன்னால் போடும் எண்தான் அந்த ரிப்பீட். ஆக ஒரு எபாக்குக்கு, அதாவது எல்லாப் படங்களையும் பார்க்கும் ஒரு சுற்றுக்கு, 180 படம், 90 ஸ்டெப். 25 எபாக் ஓட்டினால் 2250 ஸ்டெப் வரும். மூன்று எபாக்குக்கு ஒருமுறை சேமிக்கச் சொல்லுங்கள், அப்படிச் சேமித்த ஒவ்வொன்றும் ஒரு செக்பாயின்ட். கன கறுப்பும் வெற்றுக் காகிதமும் சரியாக வர நாய்ஸ் ஆஃப்செட்டை 0.03 அளவுக்கு வைக்கலாம்.

ஃப்ளிப் ஆக்மென்டேஷன் கட்டாயம் ஆஃப். படத்தை இடவலமாகத் திருப்பி எண்ணிக்கையைக் கூட்டும் வசதி அது, புகைப்படங்களுக்கு நல்லதுதான். இங்கே கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே பாணி. கையின் இயல்பான வீச்சு ஒரு பக்கம் சாயும், தகட்டிலிருந்து காகிதத்துக்கு வரும்போது அது மறுபக்கமாகத் திரும்பியிருக்கும். அதை நாமும் பாதிப் படங்களில் திருப்பிவிட்டால் மாடல் இரண்டு சாய்வையும் கலந்து குறுக்குவெட்டு வலையாகப் போடும்.

எந்தச் செக்பாயின்ட் நல்லது?

பயிற்சியில் பிழையின் அளவைக் காட்டும் லாஸ் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே சீட் (படம் தொடங்கும் தற்செயல் எண்), ஒரே பிராம்ப்ட் (நாம் கொடுக்கும் வருணனை), சேமித்த எல்லாச் செக்பாயின்டுகளும் என்று ஒரு கட்டம் போடுங்கள். பிராம்ப்டில் ஸோர்ன் வரையாத பொருள் இருக்கட்டும்: மோட்டார்சைக்கிள், லேப்டாப் முன்னால் உட்கார்ந்த இளம்பெண், தாடியில்லாத இளைஞன்.

பார்க்கவேண்டியது முதலில் ஓரம். கன்னமும் பின்னணியும் சந்திக்கும் இடத்தில் கோடு முகத்தைச் சுற்றி வளைகிறதா, அல்லது கற்றை அப்படியே கடந்து போகிறதா? வளைந்தால் இன்னும் கற்கவில்லை, அடுத்த செக்பாயின்டைப் பாருங்கள். லேப்டாப் மறைந்து அங்கே மதுக் கிண்ணமோ புத்தகமோ முளைத்தால் அளவுக்கு மீறிக் கற்றுவிட்டது, முந்தையதற்குப் போங்கள். நிழல் பஞ்சு மாதிரிக் குழைந்திருந்தால் கோளாறு டேட்டாசெட்டில் இருக்கிறது, மறுபடி வெட்டும் வேலைக்கே திரும்பவேண்டும். இந்த அளவு டேட்டாவுக்கு 1400-லிருந்து 2000 ஸ்டெப்புக்குள் நல்லது கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

படம் எடுப்பது

லோராவின் வலிமை 0.8-இல் தொடங்குங்கள், பிராம்ப்டை எவ்வளவு கறாராகப் பின்பற்றவேண்டும் என்ற சிஎஃப்ஜி 5 அல்லது 6. 1024-இல் வரும் முதல் படம் சுமாராகத்தான் இருக்கும், விஏஇ-யின் எல்லை அது. அதை 2048-க்குப் பெரிதாக்கி, டைல் டைலாக, அதாவது துண்டு துண்டாக, இருக்கும் படத்தை வைத்தே மறுபடி வரையும் இமேஜ்-டு-இமேஜ் ஓட்டுங்கள். எவ்வளவு மாற்றி வரையலாம் என்ற டீநாய்ஸ் 0.35 அளவில் இருக்கட்டும், பிராம்ப்டில் "மிக நெருக்கமான காட்சி" என்ற அதே சொற்கள் இருக்கட்டும். அறுபது துண்டுகளை வெட்டியதன் பலன் இங்கே கிடைக்கும். ஒவ்வொரு டைலுக்கும் நெருக்கத்தில் கோடு எப்படி ஓடவேண்டும் என்று மாடலுக்குத் தெரிந்திருப்பதால், குழைந்த சாம்பல் பிரிந்து தனித்தனிக் கோடாகும். டீநாய்ஸ் 0.5-ஐத் தாண்டினால் நிழலுக்குள் புதுப்புது முகங்கள் முளைக்கும், கூட்டாதீர்கள்.

2048 பிக்சலை 300 டிபிஐ-யில் அச்சிட்டால் பதினேழு சென்டிமீட்டர் வரும். ஸோர்னின் பல தகடுகளும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். வழவழப்புத் தாளைத் தவிர்த்து, பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில் அச்சிடுங்கள். அச்சின் பின்புறத்தில் இது ஏஐ மாடல் உருவாக்கியது, ஸோர்னின் எட்சிங்குகளில் பயிற்சி பெற்றது என்று எழுதிவையுங்கள். லோராவை வெளியிடுவதாக இருந்தால், எந்தெந்த எட்சிங், எந்த அருங்காட்சியகம், அங்கே அதன் பதிவு எண் என்ன என்ற பட்டியலையும் சேர்த்தே வெளியிடுங்கள். அடுத்து ஒருவர் இதைவிட நல்ல ஸ்கேன்களோடு தொடங்க அது உதவும்.